மாட்டுச் சாணத்திலிருந்து அடுப்பெரிவாயு: கீழ்ப் பர்மா வீடுகளுக்கான செய்முறை

பெகு, தட்டோன், மோல்மேன் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் நம் தமிழர் வீடுகளில் இரண்டு மாடாவது கட்டுத்தறியில் நிற்கின்றன. சாணம் குப்பைக்குழிக்குப் போகிறது, கொஞ்சம் வறட்டியாகிறது. அடுப்புக்கோ விறகையும் கரியையும் காசு கொடுத்து வாங்குகிறோம். அந்தச் சாணத்தை ஒரு தொட்டியில் ஊறவைத்து அதில் பிறக்கும் வாயுவைக் கொண்டு ஒரு வேளைச் சமையலை முடிப்பது எப்படி என்பதையும், அதனால் சுற்றுப்புறத்துக்கு வரும் நன்மை எந்த இடத்தில் தீமையாகத் திரும்பிவிடும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். ஏனென்றால் இவை இரண்டும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதவை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். கொட்டகையிலேயே கட்டித் தீனி போடும் மாடு நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ சாணம் போடும். மேய்ச்சலுக்குப் போகும் மாடு அதில் ஒரு பகுதியை வயலிலேயே விட்டுவிட்டு வரும் என்பதால், நம் ஊர் வழக்கப்படி இரண்டு மாடு இருந்தால்தான் நாளுக்கு 12 கிலோ கைக்குக் கிடைக்கும். ஒரு வீசை 1.63 கிலோ என்று வைத்துக்கொண்டால் இது ஏழரை வீசைக்குச் சற்றுக் குறைவு. ஒரு கிலோ பச்சைச் சாணம் 40 லிட்டர் அளவுக்கு வாயு தரும். ஆகவே 12 கிலோவுக்கு ஏறத்தாழ அரை கன மீட்டர். ஒற்றை அடுப்பை இது ஒன்றரை மணி நேரம் எரிக்கும். நான்கு பேர் உள்ள வீட்டில் சோறும் ஒரு குழம்பும் ஆகிவிடும், காலையில் டீயும் போட்டுக்கொள்ளலாம். மூன்று வேளையும் இதிலேயே சமைக்க வேண்டும் என்றால் மாடும் தொட்டியும் மும்மடங்கு வேண்டும்.

வறட்டி தட்டி எரிப்பவர்கள் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். 25 கிலோ பச்சைச் சாணம் காய்ந்தால் ஏறத்தாழ 5 கிலோ வறட்டிதான் மிஞ்சும். அதே 25 கிலோவைத் தொட்டியில் இட்டால் ஒரு கன மீட்டர் வாயு கிடைக்கும். அது அடுப்பில் 12 கிலோ வறட்டியின் வேலையைச் செய்யும். வறட்டி சாம்பலாகிப் போய்விடுகிறது. தொட்டியிலிருந்து வரும் சாணக் குழம்போ எருவாக மிஞ்சி நிற்கிறது.

தொட்டியைத் தேர்ந்தெடுப்பது

இந்தியாவிலும் சீனாவிலும் செங்கல்லும் சிமெண்டும் கொண்டு மண்ணுக்கடியில் கட்டும் குவிமாட வகை பரவலாக உள்ளது. அது இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும் என்பது உண்மைதான். ஆனால் கீழ்ப் பர்மாவின் சமவெளியில் மே நடுவில் மழை பிடித்தால் அக்டோபர் வரை நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். பள்ளம் தோண்டினால் அன்றைக்கே ஊற்றெடுத்துவிடும். தேர்ந்த கொத்தனாரும் மேட்டு நிலமும் கிடைக்காதவர்கள் தரைக்கு மேல் வைக்கும் மிதவைத் தொட்டியை அமைத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. இதற்குக் கடையில் விற்கும் இரண்டு பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிகள் போதும்: 1000 லிட்டரில் ஒன்று, 750 லிட்டரில் ஒன்று. பெரியதன் மேல் வாயை முழுவதும் அறுத்துத் திறந்து, சிறியதன் மேல் பகுதியையும் அவ்வாறே அறுத்து, சிறியதைக் கவிழ்த்துப் பெரியதற்குள் இறக்குவதுதான் அமைப்பு. பெரியதில் சாணக்கரைசல் இருக்கும். கவிழ்ந்த தொட்டிக்குள் வாயு சேரச் சேர அது மிதந்து மேலே எழும். எரிக்க எரிக்க இறங்கும். எவ்வளவு வாயு மிச்சமிருக்கிறது என்பதைக் கொல்லையை எட்டிப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

தொட்டி வாங்கும்போது விலையைவிட இடைவெளியை முதலில் பாருங்கள். கடையிலேயே ஒன்றன் பக்கத்தில் ஒன்றை வைத்து, இரண்டின் குறுக்களவையும் நாடா பிடித்து அளந்துவிட வேண்டும். வெளித்தொட்டி 105 சென்டிமீட்டரும் உள்தொட்டி 95 சென்டிமீட்டரும் இருந்தால் சுற்றிலும் 5 சென்டிமீட்டர் சந்து விழும். பார்வைக்கு இது அற்பமாகத் தோன்றும். பரப்பாகக் கணக்கிட்டால் மொத்தத்தில் 18 சதவீதம். அந்த வளையத்தில் எழும் குமிழிகள் எல்லாம் கவிழ்ந்த தொட்டிக்குள் போகாமல் நேரே காற்றில் கலந்துவிடும். சந்தை இரண்டரை சென்டிமீட்டராகக் குறைத்தால் இழப்பு 10 சதவீதமாகிறது. அதற்கும் கீழே போனால் உள்தொட்டி உரசிச் சிக்கிக்கொள்ளும். ஆகவே இரண்டு விரல் நுழையலாம், மூன்று விரல் நுழையக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேடை, குழாய், பாரம்

நிரம்பிய தொட்டி ஒரு டன்னை நெருங்கும் எடையுள்ளது. கடந்த மழைக்காலத்தில் கொல்லையில் தண்ணீர் நின்ற உயரத்துக்கு மேல் இரண்டடியாவது இருக்குமாறு செங்கல் மேடை ஒன்றைக் கட்டி, அதன் மேல் மட்டம் பார்த்து வெளித்தொட்டியை வையுங்கள். வெயில் விழும் இடமாகவும், சமையலறைக்குப் பத்து மீட்டருக்குள்ளும், குடிநீர்க் கிணற்றுக்குத் தள்ளியும் இருக்க வேண்டும். மாமர நிழல் நமக்குச் சுகமானது. சாணத்தில் வேலை செய்யும் நுண்ணுயிர்களுக்கு 30 முதல் 37 டிகிரி வெப்பம்தான் சுகம்.

கரைசல் ஊற்றுவதற்கு மூன்று அங்குலக் குழாய் ஒன்று வெளியிலிருந்து தொட்டியின் அடிப்பாகத்தில் போய்ச் சேர வேண்டும். எதிர்ப்பக்கத்தில், விளிம்புக்கு ஒரு சாண் கீழே, வழிந்தோடும் குழாய். உள்தொட்டியின் உச்சியில் (அதாவது கவிழ்ப்பதற்கு முன் அதன் அடிப்பாகமாக இருந்த இடத்தில்) துளையிட்டு, இருபுறமும் ரப்பர் வாஷர் வைத்து அரை அங்குல வால்வு ஒன்றைப் பொருத்துங்கள். மிதவை சாயாதிருக்கச் சுற்றிலும் நான்கு மூங்கில் கம்புகளை நட்டு மேலே இணைத்துவிட வேண்டும். அரை கன மீட்டர் வாயு சேர்ந்தால் மிதவை 70 சென்டிமீட்டர் வரை எழும்புமாதலால் கம்புகளும் அந்த உயரத்துக்கு இருத்தல் அவசியம்.

பிளாஸ்டிக் தொட்டியின் எடை மட்டும் அடுப்புக்குத் தேவையான அழுத்தத்தைத் தராது. மேலே 40 கிலோ அளவுக்குச் செங்கற்களை வட்டமாக, எடை ஒரு பக்கம் சாயாமல் அடுக்குங்கள். அப்படிச் செய்தால் 8 சென்டிமீட்டர் நீர்மட்ட அழுத்தம் கிடைக்கும், அதுவே போதும்.

இந்த வாயுவில் நீராவி நிறைந்திருப்பதால் குழாய்க்குள் அது குளிர்ந்து தண்ணீராகும். குழாயைத் தொய்வில்லாமல் ஒரே சாய்வாக இழுத்து, மிகத் தாழ்ந்த இடத்தில் டி இணைப்பும் சிறு திருகுகுழாயும் வைத்து வாரம் ஒருமுறை தண்ணீரை வடித்துவிட வேண்டும். சுடர் குதித்துக் குதித்து எரிந்தால் வாயு தீர்ந்துவிட்டதென்று முடிவு செய்யாதீர்கள். பெரும்பாலும் குழாயில் தண்ணீர் தேங்கியிருக்கும். அடுப்புக்குச் சற்று முன்னால், துருப்பிடித்த இரும்புத்தூளும் இரும்பு நாரும் அடைத்த ஒரு சிறு குடுவை வழியே வாயுவைச் செலுத்தினால் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு அதில் பிடிபட்டுக்கொள்ளும். பாத்திரமும் பர்னரும் அரிக்காது.

சிலிண்டர் அடுப்பை அப்படியே இணைத்தால் எரியாது. சாண வாயுவில் மீத்தேன் 55 முதல் 65 சதவீதம்தான்; மற்றதில் பெரும்பங்கு கரியமில வாயு. அழுத்தமும் குறைவு. அதனால் வாயு வரும் ஜெட்டின் துளையைச் சுமார் 2 மில்லிமீட்டர் அளவுக்குப் பெரிதாக்கி, காற்று நுழையும் வாயைப் பாதி மூடிவைத்து, நீலச் சுடர் நிற்கும் வரை மெல்ல மெல்லத் திருத்திக்கொள்ள வேண்டும்.

தொடங்குவதும் நடத்துவதும்

பங்குனி, சித்திரையில் தொடங்குங்கள். ஏப்ரல் நடுவில் வரும் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன் தொட்டியை நிரப்பிவிட்டால் கடும் வெயிலில் இரண்டு வாரத்தில் வாயு கட்டும். மழை பிடித்து விறகு நனையும் காலத்தில் அடுப்பு தயாராக இருக்கும். கார்த்திகை, மார்கழியில் தொடங்கினால் ஒரு மாதமானாலும் பொறுமையைச் சோதிக்கும். முதல் நிரப்பலுக்கு 400 கிலோ பச்சைச் சாணம், அதாவது ஒரு மாட்டுவண்டிப் பாரம், தேவைப்படும். அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மண்ணும் வைக்கோலும் கலந்த சாணம் உதவாது. சம அளவு தண்ணீர் விட்டு, கட்டியெல்லாம் உடையக் கையால் பிசைந்து, தோசைமாவைவிடச் சற்று நீர்த்த பதத்தில் கரைத்து ஊற்றுங்கள். மிதவையை இறக்கும்போது வால்வைத் திறந்து வைத்து உள்ளிருக்கும் காற்றை முழுவதும் வெளியேற்றிய பின்பே மூட வேண்டும். முதலில் சேரும் வாயு எரியாது, அதில் கரியமில வாயுவே மிகுதி. அதையும் வெளியேற்றிவிட்டு இரண்டாவது முறை எழும்பியபின் பற்றவைத்துப் பாருங்கள்.

அதன்பின் தினமும் காலையில் 12 கிலோ சாணமும் 12 லிட்டர் தண்ணீரும் ஊற்ற வேண்டும். ஊற்றிய அளவுக்குப் பழைய குழம்பு மறுபக்கம் வழியும். மிதவையை இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் நாலு தரம் திருப்பிவிட்டால் மேலே கட்டும் ஆடை உடையும். இவ்வளவுதான் அன்றாட வேலை, கால் மணி நேரம்கூட ஆகாது.

தொடங்கி ஒரு மாதம் கழித்துச் சமையலறைக் கழிவையும் சேர்க்கலாம். வடித்த கஞ்சி, மிஞ்சிய சோறு, வாழைப்பழத் தோல், காய்கறிக் கழிவு ஆகியவை எடைக்கு எடை சாணத்தைவிடக் கூடுதல் வாயு தரும்; மாட்டின் வயிற்றில் ஏற்கெனவே ஒரு முறை செரித்து வந்ததுதானே சாணம். ஆனாலும் நாளுக்கு ஒரு கிலோவில் தொடங்கி, நறுக்கியோ அரைத்தோ கரைத்து ஊற்றுங்கள். எலும்பு, முட்டை ஓடு, தேங்காய் நார், வெங்காயச் சருகு இவை மக்காமல் அடியில் தங்கும். ஞாப்பி (உப்பிட்டு ஊறவைத்த மீன் விழுது) வைத்த பானையைக் கழுவிய உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், கிருமிநாசினி, ஊசி மருந்து போட்ட மாட்டின் சில நாள் சாணம் இவை நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். வைக்கோலில் கரிச்சத்து அளவுக்கு மீறியது. உமி கரையவே கரையாது. உமியை வாயுவாக்கி நெல் ஆலை எஞ்சின் ஓட்டும் வழக்கம் இந்நாட்டில் உண்டென்றாலும், அது நெருப்பில் செய்யும் வேறு தொழில். அதில் வெளியேறும் தார் கலந்த கறுப்புத் தண்ணீர் ஓடைகளைக் கெடுத்திருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதை நானே செய்து பார்த்தவன். கோயில் திருவிழா முடிந்த மறுநாள் அன்னதானத்தில் மிஞ்சிய சாதத்தை இரண்டு வாளி நிறையக் கொண்டுவந்து, ஆசையாகத் தொட்டியில் கொட்டிவிட்டேன். மூன்றாம் நாள் மிதவை முன்னெப்போதும் இல்லாத உயரத்துக்கு எழுந்து நின்றது. பற்றவைத்தால் தீக்குச்சிதான் அணைந்தது. வழியும் குழம்பில் காடியின் புளிப்பு வாடை. அமிலம் மிகுந்துவிட்டால் மீத்தேன் உண்டாக்கும் உயிர்கள் ஓய்ந்துபோகும். எழும் வாயு பெரும்பாலும் கரியமில வாயுவாகவே இருக்கும். பத்து நாள் எதுவும் ஊற்றாமல் நிறுத்தி, வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பை ஒரு கைப்பிடி அளவு நிறையத் தண்ணீரில் கரைத்து இரண்டு தவணையாக ஊற்றி, பிறகு வெறும் சாணக்கரைசலைப் பாதி அளவில் தொடங்கிய பின்புதான் நீலச் சுடர் திரும்பியது. அந்தப் பத்து நாளும் வீட்டில் கரியடுப்பு. பேச்சும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சுற்றுச்சூழல் கணக்கு

அரை கன மீட்டர் வாயு, அடுப்பில் ஒன்றே முக்கால் கிலோ விறகின் இடத்தைப் பிடிக்கிறது. வெட்டிய இடத்தில் மரம் மறுபடி வளராத விறகு என்றால், அதை எரிக்காமல் விட்டதால் சுமார் 3 கிலோ கரியமில வாயு மிச்சம். நம் பக்கத்தில் இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. ஐராவதி முகத்துவாரத்து அலையாத்திக் காடுகள் நெல் வயலுக்காகவும் ரங்கூன் அடுப்புகளுக்குக் கரி சுடுவதற்காகவும் பல பத்தாண்டுகளாக வெட்டப்பட்டன. 2008 மே 2, 3 தேதிகளில் நர்கீஸ் புயல் கரையேறி 1,30,000க்கும் அதிகமானோரைக் கொண்டுபோனபோது, அந்தக் காடுகள் இல்லாதது சேதத்தைக் கூட்டியது என்று அப்போதே பேசப்பட்டது. புகையும் ஒரு கணக்கு. விறகு, கரி, வறட்டி போன்றவற்றை வீட்டுக்குள் எரிப்பதால் உண்டாகும் காற்று மாசுக்கு 2020இல் உலகெங்கும் 32 லட்சம் பேர் பலியானதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அடுப்படியில் ஊதுகுழலோடு உட்கார்ந்திருப்பவர் வீட்டில் யாரென்று எண்ணிப் பார்த்தால் போதும்.

மறுபக்கத்தைப் பலர் சொல்வதில்லை. மீத்தேன் எரிந்தால் கரியமில வாயுவும் நீரும் ஆகிவிடும்; எரியாமல் காற்றில் கலந்தாலோ, நூறாண்டுக் கணக்கில் அதே எடைக் கரியமில வாயுவைப்போல 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். வயலில் மெல்லிதாகப் பரவிக் காயும் சாணத்துக்குக் காற்று படுவதால் அதிலிருந்து மீத்தேன் மிகக் குறைவாகவே எழும். தொட்டியில் நாம் காற்றை அடைத்து அந்த வாயுவை வேண்டுமென்றே உண்டாக்குகிறோம். நாளுக்கு அரை கன மீட்டரில் மீத்தேன் 200 கிராம். அது அத்தனையும் கசிந்தால் 5 கிலோவுக்கும் மேற்பட்ட கரியமில வாயுவுக்குச் சமம். விறகில் மிச்சமாகும் 3 கிலோவோடு இதை நிறுத்துப் பார்த்தால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கசியும் தொட்டி சுற்றுச்சூழலுக்கு இல்லாமலிருப்பதே மேல் என்றாகிறது. சந்து அளவில் நான் அவ்வளவு கறாராக இருந்ததற்கு இதுவே காரணம்.

ஆகவே மாதம் ஒருமுறை சோப்பு நுரையைத் துணியில் எடுத்து வால்வு, இணைப்புகள், குழாய் நெடுகத் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். ஊருக்குப் போவதாக இருந்தால் ஒரு வாரம் முன்பே ஊற்றுவதை நிறுத்துங்கள், அல்லது அடுத்த வீட்டாருக்குக் குழாய் இழுத்துக் கொடுங்கள். மிதவை உச்சியில் நின்று ஓரத்தில் வாயு கொப்பளித்தால் ஒரு பெரிய பாத்திரத்தில் மாட்டுக்குக் கழுநீர் காய்ச்சியாவது எரித்துவிடுங்கள்.

வழியும் சாணக் குழம்பையும் இப்படியே பார்க்க வேண்டும். ஆழமான குழியில் தேக்கினால் அங்கேயும் மீத்தேன் எழும். வைக்கோலும் சருகும் பரப்பிய ஆழமில்லாத குழியில் நிழலில் விட்டு எருவாக்கலாம். வெயிலில் காயவிட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். மூன்று பங்கு தண்ணீர் கலந்து கொல்லைப் பயிருக்கு வேரில் ஊற்றலாம். எங்கள் புளிச்சக்கீரைப் பாத்தியில் ஒரு பாதிக்கு ஊற்றி ஒரு பாதிக்கு ஊற்றாமல் விட்டதில், ஊற்றிய பாதியின் இலை உள்ளங்கை அகலத்துக்கு விரிந்தது. பச்சையாக உண்ணும் கீரையின் இலைமேல் மட்டும் தெளிக்க வேண்டாம்.

நெருப்பும் நஞ்சும்

காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் கலந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். அடுப்பறையில் கூரைக்கு அருகே காற்றுப்போக்கி இருக்க வேண்டும்; இது காற்றைவிட இலேசான வாயு, மேலேதான் தங்கும். தொட்டியருகே சுருட்டு கூடவே கூடாது. ஆங்கிலத்துக்கே அந்தச் சொல்லை (cheroot) கொடுத்த இனம் நாம், இந்த நாட்டுச் சுருட்டும் ஊரறிந்தது என்பதால்தான் இதைத் தனியாகச் சொல்கிறேன். திறந்த தொட்டிக்குள் தலையை விடுவதோ இறங்குவதோ உயிருக்கு ஆபத்து. ஹைட்ரஜன் சல்ஃபைடு மிகுந்தால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போய்விடும். நாற்றம் நின்றுவிட்டதே என்று இறங்கியவர்கள் மேலே வந்ததில்லை.

எங்கள் பெரியம்மாவின் தயக்கம் வேறு விதமானது. “ஏம்ப்பா, சாணியில வேகுற சோத்தைச் சாமிக்குப் படைக்கலாமா?” என்று கேட்டார். பொங்கலன்று வாசலைச் சாணியால் மெழுகி, வறட்டியை அடுக்கித்தானே நீங்கள் பானை வைக்கிறீர்கள் என்றேன். அடுத்த தையில் பொங்கல் பானை இந்த அடுப்பில்தான் பொங்கியது. சுடரை மட்டும் அவர் கடைசிவரை குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டேயிருந்தார்.

ஆண்டுக்கு ஒருமுறை, மாசியில் வெயில் ஏறும்போது, வாயுவை முழுவதும் எரித்துத் தீர்த்து, வால்வைத் திறந்து ஒரு நாள் விட்டு, இரண்டு பேராக மிதவையைத் தூக்கி வெளியே வையுங்கள். அடியில் படிந்த மணலை நீண்ட கைப்பிடியுள்ள அகப்பையால் வெளியிலிருந்தே அள்ளுங்கள். பழைய குழம்பில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே விட்டுவைத்தால், புதிதாகக் கரைத்து ஊற்றும் சாணத்துக்கு அதுவே உறைமோர்.